தொங்கல் கணக்கு

வெள்ளவத்தை ஸ்டேஷனில் ஏழு பதினெட்டு ரயில்
நின்றது என்று சொல்ல முடியாது, தயங்கியது.
கதவடியில் ஒரு காலுக்கு இடம் கிடைத்தது.
மற்றக் கால் பம்பலப்பிட்டி வரைக்கும்
யாரோ ஒருவருடைய சோற்றுப் பையின் மேல்.
இடப்பக்கம் கடல்.
இந்த ரயிலை நான் ஒன்பது வருஷம்
வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.

பின்னேரங்களில், தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில்,
பேசாத பிள்ளையைக் கல்லில் இருத்தி
ரயில் வருது, ரயில் வருது என்று
இரண்டு பேருக்குமாக நானே கத்தி.
டொக்டர் சொன்னதைச் செய்தேன். சொல்லாததையும் செய்தேன்.
ஐந்து வயதும் நாலு மாதமும் ஆனபோது
கடைசிப் பெட்டி கடந்த பிறகு
ஆதீஷன் சொன்னான்: போச்சு.
அன்று இரவு நான் சமைக்கவில்லை.
கொத்துரொட்டி வாங்கி வந்து
மூன்று பேரும் அந்தச் சொல்லையே
திரும்பத் திரும்பத் தின்றோம்.

படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருந்தது,
பெருவிரல் அகலம்.
வேலை இடைவெளிக்கான காரணம்.
குடும்பம் என்று எழுதினேன். மிச்ச இடத்தில்
பேனா கசிந்து ஒரு புள்ளி விழுந்தது;
அதையும் சேர்த்தே கொடுத்தேன்.

கோட்டையில் அதே கட்டிடம், அதே கப்பல் கந்தோர்.
லிஃப்ட் இப்போது மூன்று மொழியில் மாடி சொல்கிறது,
தமிழுக்கு மட்டும் சளி பிடித்த மாதிரி.
காவலாளி வருகைப் புத்தகத்தை நீட்டினார்.
யாரைச் சந்திக்க? என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் பேனாவோடு நின்றேன்.

நிலங்கா எனக்கு மேலதிகாரி. வயது இருபத்தேழு.
என் பழைய மேசையில் ஒரு கள்ளிச்செடி வைத்திருக்கிறாள்.
முதலில் அக்கா என்றாள், பிறகு மிஸ் என்றாள்,
பிறகு ஒன்றும் சொல்லாமல் திரையைக் காட்டினாள்.
காது கேளாத ஆளுக்குப் போல உரத்து,
ஆனால் பொறுமையாக. நல்ல பிள்ளை.
மூன்று தரம் கேட்டேன்.
நாலாம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது;
கேட்டேன்.

பதினொரு மணிக்கு அதைக் கண்டேன்.
தொங்கல் கணக்கு: ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
வருஷா வருஷம் கீழ்க்கொண்டு செல்லப்பட்டு,
கீழ்க்கொண்டு வரப்பட்டு,
வந்த கணக்காய்வாளர் எல்லாரும்
சிறு தொகை என்று பென்சிலால் எழுதிக் கடந்துபோய்,
ஒன்பது வருஷமாகத் தொங்குகிறது.
வெட்டிவிடலாம் என்றாள் நிலங்கா.
துருப்பிடித்த என் சிங்களத்தில்
அரை மணித்தியாலம் கேட்டு வாங்கினேன்.

வித்தியாசம் ஒன்பதால் பிரிபட்டால்
இலக்கம் இரண்டு இடம் மாறியிருக்கும்.
எந்தத் திரையும் இதைச் சொல்லவில்லை,
கை சொன்னது.
களஞ்சிய அறையில் எலிப்புழுக்கை மணம். மூன்றாவது பெட்டி.
நாலாயிரத்து அறுநூற்று முப்பதை
ஆறாயிரத்து நானூற்று முப்பது என்று பதிந்தவள்
பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்திருந்தாள்.
ப. லோ.
அந்தக் கந்தோரில் வேறு லோஜினி இருந்ததில்லை.
என் கடைசிக் கிழமை. வீட்டில் காய்ச்சல் பிள்ளை.
ஒரு கண் கைபேசியில்.

வெட்கப்படத்தான் வேண்டும்.
எனக்கோ
யாரோ துவாய் போட்டு
இத்தனை காலம் இருக்கை பிடித்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

திருத்தத்தைப் பதிந்தேன். மஞ்சள் எழுத்து வந்தது:
அனுமதிக்காகக் காத்திருக்கிறது.
தற்காலிக ஊழியருக்கு அந்தப் பொத்தான் இல்லை.
நிலங்கா கூட்டத்தில் இருந்தாள்.
ஐந்து மணிக்கும் மஞ்சள்தான்.

திரும்பும் ரயிலில் கடல் வலப்பக்கம்.
பம்பலப்பிட்டி தாண்டியதும் கற்களின் மேல்
யாருடையதோ ஒரு சின்னப்பிள்ளை
எங்களைப் பார்த்து வாயைத் திறந்தது.
சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
போகேல்லையடா, இறங்கப்போறன் என்றேன்,
கொஞ்சம் உரத்துவிட்டது போல.
முன்னால் நின்ற மனிதர் ஒதுங்கி வழிவிட்டார்.

வெள்ளவத்தையில் செருப்பு வார் அறுந்தது.
சம்பளம் இருபத்தைந்தாம் திகதி.